‘லேட் ப்ரசன்டேஷன்’

அந்த ஃபைலின் நடுவில் ஒரு தாளில் என் கையெழுத்தில் ஒரு பொய் இருக்கிறது. இரண்டே சொல்: ‘லேட் ப்ரசன்டேஷன்’. பிள்ளையைக் காலம் கடந்து கொண்டுவந்தார்கள் என்று அர்த்தம். அவர்கள் காலத்தில்தான் வந்தார்கள். எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

நான் மூளை நரம்பு அறுவை மருத்துவன். மொரப்பூர் பக்கம் பிறந்தவன். படிப்பும் உத்தியோகமும் வெளியூர்களில். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு தர்மபுரி டவுனில் உட்கார்ந்து நோயாளி பார்க்கிறேன். இது நடந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் சொன்னால் படிக்கிறவர்கள் பழியை அந்தக் கட்டடத்தின் மேல் போட்டுவிட்டு என்னை விட்டுவிடுவார்கள்.

2009 கார்த்திகை. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று பஸ் மாறி ஒரு தாய் வந்திருந்தார். புளி தட்டும் வேலை. புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங். மடியில் ஐந்து மாத ஆண் குழந்தை. “தலை பெருசாகிட்டே போவுதுங்க சார். மாமியா, பெரிய தலை இருந்தா பெரிய ஆளா வருவான்னு சொல்றாங்க.” டேப்பை வைத்து அளந்தேன். 51 சென்டிமீட்டர். அந்த வயசுக்கு 43 இருந்தால் சரி. உச்சிக்குழி மேடாகப் புடைத்திருந்தது. கண்மணிகள் இரண்டும் கீழிமைக்குள் பாதி இறங்கி, மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற மாதிரி நின்றன. சந்தையில் பானை வாங்கும் கிழவி சுண்டிப் பார்ப்பாளே, அப்படி மண்டையில் விரலால் தட்டினால் விரிசல் கண்ட பானையின் சத்தம் வரும். அது மெக்யூவன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் பெயரால் எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குள் ஓடியது பரிதாபம் இல்லை. கேஸ் கிடைத்தது என்ற சந்தோஷம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று ராப்பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர். எந்த நேரத்திலும் உள்ளே நிற்பதோ 150 மில்லி சுமார்தான். அப்படியானால் நாளுக்கு மூன்று தடவை பழைய நீர் வடிந்து புதுநீர் வர வேண்டும். வடிகிற வழியில் மதகு அடைத்துக்கொண்டால் ஏரி என்னாகும்? பிஞ்சுக் குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை. அதனால் கரை விரிந்து கொடுக்கும், தலை பெருக்கும். இந்தக் குழந்தைக்கு மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் நடுவே இருக்கிற சின்ன வாய்க்கால் பிறவியிலேயே குறுகலாக இருந்தது.

வைத்தியம் ஷண்ட். மூளை அறையில் ஒரு மெல்லிய சிலிக்கான் குழாய், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்குள்ளேயே இறங்கி வயிற்றுக்குள் முடிகிற இன்னொரு குழாய். மிஞ்சிய நீர் வயிற்றுக்குள் வடியும். உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

“சின்ன ஆபரேஷன்தாம்மா” என்றேன்.

“நீங்களே பண்ணுவீங்களா சார்?”

“நானேதான்.”

“அப்ப சரிங்க.”

‘நானே’ என்பது அவருக்கு ஆறுதல். எனக்கு அது தனியாக நின்று போடப்போகும் முதல் ஷண்ட். சீஃப் பக்கத்தில் நிற்க, அவர் கையைப் பார்த்து நான் செய்தவை உண்டு. தனியாகச் செய்தது ஒன்றும் இல்லை. அந்த அம்மா கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மாட்டுச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து வாங்குகிற ஜனங்கள் நாங்கள். டாக்டரிடம் ‘இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கீங்க?’ என்று கேட்க மட்டும் எங்களுக்கு வாய் வராது. அந்த வாய் வராமைக்குள்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

எவனுக்கும் முதல் ஆபரேஷன் என்று ஒன்று இருந்தே தீரும். முதலாவதாக இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று ராத்திரி நடந்ததைக் கேளுங்கள்.

தியேட்டர் லிஸ்டில் ஷண்ட் என்றால் பெரும்பாலும் கடைசிதான். கட்டி, ரத்தக் குழாய் வீக்கம் என்று பெரிய மனிதர்களுக்கான ஆபரேஷன்கள் முடிந்தபின், பி.ஜி. மாணவர்களுக்கு எறியப்படும் எலும்பு அது. பல இடங்களில் இருந்த பழக்கம்தான். இரவு ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். ஷண்ட் பாக்கெட்டை முன்கூட்டியே பிரித்து டிராலியில் பரப்பி வைக்கச் சொல்லியிருந்தேன். அது ஒரு மணி நேரம் அப்படியே திறந்து கிடந்தது. வேடிக்கை பார்க்க ஹவுஸ் சர்ஜன்களைக் கூப்பிட்டிருந்தேன். கதவு திறந்து திறந்து மூடியது. மூளை அறையைத் தேடி முதல் தடவை குழாயை விட்டபோது ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை இரண்டு சொட்டு ரத்தம். மூன்றாவது தடவைதான் நீர் பீறிட்டது. இரண்டாவது தவறியதுமே சீஃபுக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். அரை மணியில் வந்து நிற்கக்கூடிய மனிதர் அவர். அடித்தால் அடுத்த கேஸ் தரமாட்டார் என்று பயந்தேன். வயிற்றைத் திறந்த அதே கையுறையோடு வால்வைப் பிடித்தேன். சீஃப் முக்கால் மணியில் முடிப்பது எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. வெளியே வந்து அந்த அம்மாவிடம் “நல்லபடியா முடிஞ்சுது” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏழு வாரம் கழித்து, பொங்கல் முடிந்த கையோடு, குழந்தை காய்ச்சலில் கொதிக்க வந்தார்கள். குழாய் போன வழியெல்லாம் தோல் சிவந்திருந்தது. தொற்று.

“தலைக்குக் குளிப்பாட்டினீங்களா?”

“பொங்கலுக்குத்தாங்க சார், ஒரே ஒரு தடவை. கொஞ்சம் எண்ணெ வச்சு…”

“அதான்” என்றேன்.

அந்த ‘அதான்’ எவ்வளவு தூரம் போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஷண்ட்டைக் கழற்றினோம், நீரை வெளியே பைக்குள் வடியவிட்டு, வாரக்கணக்கில் மருந்து ஏற்றி, பிறகு சீஃபே புதிதாக ஒன்று போட்டார். அந்த நாட்களில் அந்த அம்மா வார்டுத் தரையில் படுத்தபடி, என்னைப் பார்க்கும்போதெல்லாம், எண்ணெய் வைத்த குற்றத்துக்காகத் தலை குனிந்தார்.

ஷண்ட் வைத்த இரண்டொரு மாதத்துக்குள் வருகிற தொற்றில் பெரும்பங்குக்கு விதை விழுவது ஆபரேஷன் மேஜையிலேயே. தோலில் சாதாரணமாகக் குடியிருக்கிற கிருமிதான். குழாயில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். மார்செய் நகரத்து ஷூ என்ற குழந்தை மூளை அறுவை மருத்துவர் 1992-லேயே இதை அச்சில் சொல்லிவிட்டார். ஷண்ட்டை நாளின் முதல் ஆபரேஷனாகக் காலையில் வை, அறையில் ஆள் குறை, கடைசி நிமிஷத்தில் பாக்கெட்டைப் பிரி, குழாயைத் தொடாதே. ஏறக்குறைய எட்டு சதவீதமாக இருந்த தொற்றை அவருடைய யூனிட் ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தது. விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் அதில் இல்லை, கடிகாரமும் கதவும்தான். 2001-ல் டொரன்டோவில் குல்கர்னியும் டிரேக்கும் கையுறை ஓட்டைகளை எண்ணினார்கள். ஓட்டையான கையுறை குழாயைத் தொட்ட பிள்ளைகளுக்குத் தொற்று அதிகம். எங்கள் நூலகத்தில் இந்தச் சஞ்சிகைகள் இருந்தன. தேங்காய் எண்ணெயைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இன்னொரு சாக்கும் வைத்திருந்தேன். “உள்ளூர் வால்வு சார், அதான்” என்று கேன்டீனில் சொல்வேன். நாங்கள் போட்டது சாப்ரா வால்வு. உத்தரப் பிரதேசத்து ஷாஜகான்பூரில் செய்வது, ஏழைகளின் வால்வு. உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்கர் 195 குழந்தைகளில் இந்தச் சாப்ராவையும், பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டு வால்வையும் ஒப்பிட்டு, ஒரு வருஷத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று 2005-லேயே வெளியிட்டிருந்தார். நான் குறைசொன்னபோது அந்தக் கட்டுரைக்கு நாலு வயசு.

வால்வு என்றதும் ஒரு தகப்பன் ஞாபகத்துக்கு வருகிறார். ஜான் ஹோல்ட்டர், அமெரிக்காவில் ஃபிலடெல்பியா பக்கத்து இயந்திரத் தொழிலாளி. 1955-ல் பிறந்த அவர் மகனுக்குத் தலையில் நீர் கோத்தது. அப்போதிருந்த வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை. யூஜின் ஸ்பிட்ஸ் என்ற அறுவை மருத்துவர் தன் சிக்கல் என்ன, தன்னால் எங்கே முடியவில்லை என்பதை அந்தத் தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னார். ஹோல்ட்டர் தன் கைப்பட சிலிக்கானில் ஒரு வால்வு செய்தார். 1956-லிருந்து அது உலகம் முழுக்கப் பிள்ளைகளின் தலைக்குள் போனது. இன்றைய வால்வுகளுக்கு அது ஒரு முன்னோடி. ஸ்பிட்ஸ் ‘சின்ன ஆபரேஷன்தான், கவலைப்படாதீங்க’ என்று அந்தத் தகப்பனை அனுப்பியிருந்தால்? புளி தட்டுகிற அம்மா வால்வு செய்திருப்பார் என்று சொல்லவில்லை. எங்கே என்னால் முடியவில்லை என்பதைச் சொல்லியிருந்தால் அவர் எதையெல்லாம் கவனித்திருப்பார், என்னவெல்லாம் கேட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனி 2013.

அதற்குள் நான் நூறு ஷண்ட்டைத் தாண்டியிருந்தேன். எண்ணிக்கை தெரியும், அவற்றில் எத்தனை அடைத்துக்கொண்டன, எத்தனை சீழ் வைத்தன என்ற கணக்கு தெரியாது, வைத்துக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் வேலூரில் எப்படி வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். ஜேக்கப் சாண்டி 1949-ல் அங்கே தொடங்கிய துறையில், காசநோய் மூளைக்காய்ச்சலால் தலையில் நீர் கோத்து ஷண்ட் போடப்பட்ட 114 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 1991-ல் பலூர், ராஜசேகர் முதலானோர் எழுதினார்கள். நோயாளி வந்த நிலையை நான்கு படியாகப் பிரித்தார்கள். முதல் படியில் வந்தவர்களிலேயே ஐந்தில் ஒருவர் பிற்பாடு இறந்ததையும், நான்காம் படியில் வந்தவர் எவரும் பிழைக்காததையும் ஒளிக்காமல் போட்டார்கள். இன்றைக்கும் உலகம் அதை ‘வேலூர் கிரேடிங்’ என்றே சொல்கிறது. தன் கையில் போனவர்களை எண்ணி எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். எனக்கு மனப்பாடமாக இருந்தது பிழைத்த பிள்ளைகளின் பெயர்கள் மட்டும்தான்.

கனடாவில் கோக்ரேன், கெஸ்டில் இருவரும் அந்த நாட்டில் குழந்தைகளுக்கு முதல் ஷண்ட் போட்ட மருத்துவர்களையெல்லாம் கணக்கெடுத்து 2003-ல் ஒன்று எழுதினார்கள். நிறையச் செய்தவர் போட்ட ஷண்ட் கூடுதல் காலம் ஓடியது, தொற்றும் குறைவு. அடுத்த வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு, அதிகம் செய்கிற மருத்துவமனைகளில் குழந்தைச் சாவும் குறைவு என்றது. இதைப் படித்தபோது எனக்குள் ஒரு திருப்தி: நானும் ‘நிறையச் செய்தவர்’ பக்கம் வந்துவிட்டேனே. கைக்கு அனுபவம் வந்திருந்தது உண்மை. மூன்று தடவை குத்துகிற ஆள் இல்லை நான். ஆனால் 2009-ல் இருந்த பயம் போய்விட்டது. அந்தப் பயத்தோடு வேறு ஏதோ ஒன்றும் போயிருக்கிறது. அதை எந்த ஆய்விலும் எண்ண முடியாது.

ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. ஆடிச் செவ்வாய். பையனுக்கு நாலு வயசு. காலையிலிருந்து நாலு தடவை வாந்தி, தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்று அந்த அம்மா ஓ.பி.க்குக் கொண்டுவந்தார். வெளியே நூற்றைம்பது பேர் வரிசை.

“வேற எதாச்சும் சாப்பிட்டானா? கோயில் கூழு?”

“கூழு குடிச்சான். ஆனா அதில்லைங்க சார். அவன் அவனா இல்லைங்க.”

அவன் அவனாக இல்லை. ஷண்ட் அடைப்புக்கு இதைவிடச் சுருக்கமான நோய்க்குறிப்பு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வாந்தியும் மந்தமும் சேர்ந்து வந்தால் ஷண்ட் போட்ட பிள்ளைக்கு அடைப்பு என்றே முதலில் எண்ண வேண்டும். வேறு காரணம் உறுதியான பிறகுதான் அதை விட வேண்டும். இது இரண்டாம் வருஷ மாணவனுக்குத் தெரியும். நான் காதுக்குப் பின்னால் இருந்த குமிழை அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது, மெல்ல மறுபடி நிரம்பியது. “டியூப் வேலை செய்யுதும்மா. இது வயித்துக் கோளாறு” என்றேன். குமிழை அழுத்திப் பார்ப்பதை நம்பக் கூடாது என்று 1992-லேயே பயட் என்பவர் எழுதியிருக்கிறார். அதை நான் மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். கண்ணுக்குள் பார்க்கும் கருவி என் பையிலேயே இருந்தது. எடுத்திருந்தால் பார்வை நரம்பின் வீக்கம் தெரிந்திருக்கலாம். சி.டி. எடுக்க எழுதியிருக்கலாம். வாந்தி சிரப்பும் உப்புக்கரைசலும் எழுதி, ஓ.பி. சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை “அவன் அவனா இல்லைங்க சார்” என்றார். “அடுத்தவங்களும் பாக்கணும்மா” என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 108-ல் வந்தான். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நாலு வயசுக்குள் மண்டையோடு இறுகிவிடும். ஐந்து மாதத்தில் கொடுத்த இடத்தை இப்போது அது கொடுக்காது. அழுத்தமெல்லாம் மூளைத்தண்டின் மேலும் பார்வை நரம்பின் மேலும் இறங்கும். உடனே தியேட்டருக்கு எடுத்துப் போனேன். மூளைப் பக்கக் குழாயின் துளைகளில் பெரும்பாலானவற்றில் சவ்வு வளர்ந்து அடைத்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றிரண்டு துளை வழியாகத்தான் செவ்வாய்க்கிழமை அந்தக் குமிழ் மெல்ல நிரம்பியிருக்கிறது. இருபத்தைந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டேன். கை நன்றாகத்தான் வேலை செய்தது.

சனிக்கிழமை ஆடிப்பெருக்கு. பையன் கண் திறந்தான். அம்மாவின் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான், முகத்தைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்வை போய்விட்டது.

ரவுண்ட்ஸில் மேலதிகாரி கேட்டார்: “ஷண்ட் பிள்ளையை ஏன்யா இந்த நிலைமைக்கு விட்டாங்க?” நான் ஆங்கிலத்தில் சொன்னேன், தாமதமாகத்தான் கொண்டுவந்தார்கள் என்று. இரண்டடி தூரத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பேசியது அவர் பிள்ளைக்காகத்தான் என்று நினைத்து எனக்கு நன்றி சொல்லும் முகத்தோடு நின்றார்.

சொன்னதை எழுத வேண்டுமல்லவா. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த இரண்டு சொற்களை எழுதினேன். பிறகு ஒன்று செய்தேன். இதைத்தான் இத்தனை வருஷம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. “அந்தச் செவ்வாய்க்கிழமை சீட்டு இருந்தா குடுங்கம்மா, ஃபைல்ல சேத்துடறேன்” என்று கேட்டு வாங்கினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலாக மடித்த சீட்டைத் தந்தார். ஃபைலில் சேர்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு வாரம் இருந்தது. பிறகு கோட்டோடு சலவைக்குப் போயிற்று. கிழித்துப் போடுகிற துணிச்சல்கூட எனக்கு இல்லை.

ஷண்ட் அடைத்துக்கொள்வது அபூர்வமான காரியம் அல்ல. 1998-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 344 குழந்தைகளுக்கு மூன்று வகை வால்வுகளைப் போட்டுப் பார்த்தார்கள். எந்த வால்வானாலும் முதல் வருஷத்துக்குள் பத்தில் நான்கு பழுதாயின. உலகத்தின் கெட்டிக்காரக் கைகள் போட்டவை அவை. அடைத்ததற்கு என்னை யாரும் தண்டித்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை கவனிக்கத் தவறிவிட்டேன் என்று சொல்லியிருந்தாலும் ஒரு மெமோவோடு போயிருக்கும்.

2022 மார்ச்சில் ஒரு ஞாயிறு, தர்மபுரியில் டோக்கன் பதினேழாக அந்த அம்மா உள்ளே வந்தார். கையில் மஞ்சப்பை, பக்கத்தில் அவர் தோளைப் பிடித்தபடி பதின்மூன்றை எட்டப்போகும் பையன். என்னை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கு அவரைத் தெரியவில்லை. பையனின் தலைமுடியைப் பார்த்துக் கேட்டேன், ஏன் இவ்வளவு வறண்டு செம்பட்டையாக இருக்கிறது, சத்தாகச் சாப்பிடுகிறானா என்று.

“எண்ணெ வக்கிறதில்லைங்க சார். நீங்கதான சொன்னீங்க.”

பன்னிரண்டு வருஷம். தீபாவளிக்குக்கூட இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற காலையில் இவனுக்கு மட்டும் ஈரத்துணி.

ஃபைலை எடுத்து வைத்தார். ஒரு தாள் விடாமல், பிளாஸ்டிக் உறைகளில், வரிசையாக. அந்தத் தாளும் இருந்தது. போன இடமெல்லாம் டாக்டர்கள் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு அலைந்தபோது, கண் டாக்டரிடம், வேறொரு ஊரில் ஸ்கேன் எடுத்தபோது: ஏம்மா லேட்டாக் கொண்டுபோனே? முதலில் இவர் மறுத்திருக்கிறார். சீட்டு எங்கே என்றார்களாம். சீட்டு இல்லை. கொஞ்ச காலத்தில் புருஷனும் அதையே கேட்க ஆரம்பித்தார். மாமியார் ஊரெல்லாம் சொன்னார்.

“எனக்கு ஆடிச் செவ்வான்னுதாங்க சார் ஞாபகம். கூழு ஊத்தின நாளு. எல்லாரும் வெள்ளிக்கிழமதான்னு சொல்றாங்க. எழுத்துலயும் அப்படித்தான் இருக்குதாமே. நான்தான் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறேன் போலிருக்கு.”

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பீஸ் வேண்டாம் என்றேன், அதற்கும் கும்பிட்டார். மே மாதம் அடுத்த முறை வந்தபோதுதான், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முதல் ஆபரேஷன், திறந்து கிடந்த பாக்கெட், எண்ணெய், செவ்வாய்க்கிழமை, சீட்டு. ஒன்றையும் விடவில்லை. பேசி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் அழவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப செவ்வாக்கெழமதானுங்களா சார்?”

“ஆமாம்மா. செவ்வாய்க்கிழமைதான்.”

பையன் பக்கம் திரும்பினார். “கேட்டியா கண்ணு? செவ்வாக்கெழமதான்.”

பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில், தமிழில், நடந்ததைத் தேதியோடு எழுதி, என் பதிவு எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இதை வைத்து எங்கே வேண்டுமானாலும் புகார் செய்யலாம், நான் மறுக்க மாட்டேன் என்றேன். பழைய தாளைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு தாளும் இப்போது அந்த மஞ்சப்பைக்குள் இருக்கின்றன. புகார் எதுவும் இன்றுவரை வரவில்லை. என்னிடம் அவர்கள் மறுபடி வரவும் இல்லை.

தலையில் ஷண்ட் வைத்த பிள்ளை இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். வாந்தியும் தூக்கமும் சேர்ந்து வந்து, பிள்ளை பிள்ளையாக இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், ஸ்கேன் எடுக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். வெளியே எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி. ஓ.பி. சீட்டை யார் கேட்டாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.